அண்ணி சத்தமில்லாமல் பார்த்த டிவி

சர்க்கரை வந்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கிய ஒரு கன்ட்ரோலர். என் அண்ணியை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதுதான். டிவி ரிமோட்டுக்கு உறை போடுவதைப் போலவே, மகனுடைய வீடியோ கேம் பெட்டியின் கன்ட்ரோலருக்கும் போட்டிருந்தார். கவருக்குள் பட்டன்கள் மங்கலாகத்தான் தெரியும். அவர் கட்டைவிரலுக்கு வழி தெரியும்.

அரியலூரில் அண்ணன் வீட்டில், மகள் ப்ளஸ் டூ போன அன்றே கேபிளைத் துண்டித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெரம்பலூரில் நான் இருக்கும் தெருவிலும் அப்படித்தான். பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி சத்தம் கேட்டால் ஊர் தாயைத்தான் பேசும், தகப்பனைப் பேசாது. ஆனால் கல்லூரி விடுதியிலிருந்து சனி ஞாயிறு வரும் மகனின் கேம் பெட்டி மட்டும் ஹாலிலேயே இருந்தது. அதற்காக நெட்டும் இருந்தது. படிக்கிற பெண் உள்ளறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஹாலில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும். கேட்டால், அது டிவி இல்லையே, விளையாட்டுதானே என்பார் அண்ணன்.

அந்தப் பெட்டியிலேயே நெட் வழியாக எல்லாச் சேனலும் பார்க்கலாம் என்று மகன் ஒருநாள் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தான். அதன்பின் அண்ணன் சிமெண்ட் ஆலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, மதியத்தில் அண்ணி ஒரு சீரியல் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். ஒருமுறை நானும் கூட உட்கார்ந்திருந்தேன். "மாமியார நல்லா கேட்டுட்டா பாரு பாப்பா" என்று வாயசைவை வைத்தே எனக்குக் கதை சொன்னார். வசனமெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்றும் நான் போயிருந்தேன். அண்ணன் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. நியூஸில் என்ன சொல்கிறார்களோ, பார்க்கக் கேபிள்கூட இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தார். அண்ணி கன்ட்ரோலரை எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் நியூஸ் சேனலைக் கொண்டுவந்து நிறுத்தினார். உதவிதான் செய்தார், பாவம்.

அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை, அண்ணியின் கையைப் பார்த்தார். "அப்ப வருஷம் பூரா இதத்தான் பாத்துக்கிட்டிருந்தியா? மார்க்கு எங்க போச்சுன்னு இப்பல்ல தெரியுது."

"அவ ஸ்கூலுக்குப் போனப்புறந்தாங்க பாத்தேன்" என்றார் அண்ணி.

அம்மா பார்த்ததே தனக்குத் தெரியாது என்று மகள் அழுதாள். அப்போ வாராவாரம் ஹாலில் சுட்டுக்கொண்டிருந்தது யார் என்று நான் கேட்டேன். அவன் ஆம்பளப் பிள்ளை, லீவுக்கு வருகிறான் என்றார் அண்ணன். அதோடு விட்டாரா? செந்துறையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியிலும் மகள் படிப்பைப் பற்றி யாரோ விசாரிக்க, அவ அம்மா சீரியல் பார்த்த கதை தெரியும்ல என்று ஆரம்பித்துவிட்டார். அண்ணி இலையைவிட்டு நிமிரவே இல்லை. அதன்பிறகு அவர் டிவி முன்னால் உட்காரவும் இல்லை.

இப்போது பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஓய்வு பெற்று, அதே பெட்டியில் நாள் முழுக்க நெட் டிவி பார்க்கிறார். கன்ட்ரோலர் மட்டும் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. போன வாரம் நான் இருக்கும்போது, சேனலை வைத்துக்கொடுத்துவிட்டுப் போ என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். பழைய கவரோடு கன்ட்ரோலரை எடுத்துச் சேனலை வைத்தார். வைத்த கையோடு, பழக்கத்தில், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

"சத்தத்த ஏன்டி கொறைக்கிற? இங்க யாரு படிக்கிறா?" என்றார் அண்ணன்.

அண்ணி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கன்ட்ரோலரை அவர் பக்கத்தில் வைத்தார். நீங்களும் உட்காருங்க அண்ணி என்றேன். வேலை கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டார். அண்ணன் பார்த்த டிவி தெருமுனை வரைக்கும் கேட்டது.