நோன்பு மாதத்தில் நரிக்குச் சோறாக்கிய அலியார்

அலியார் மச்சான் போய்விட்டான்.

விடியற்காலை போன் வந்தது. நித்திரையிலேயே மௌத்தாம்... பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். இந்தப் போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. பிழை இருந்தால் போனை ஏசுங்கள்.

இப்போதுள்ளவர்களுக்கு அவனைக் கல்முனை மார்க்கெட்டில் தேங்காய் விற்ற ஹாஜியாராகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த அலியார் வேறு ஆள்.

எண்பதுகளின் தொடக்கம். சவளக்கடை வட்டைக்குள், அந்தப் பெரிய வயல்வெளியில், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வயல்களுக்குக் காவல். ஆளுக்கொரு காவல் குடில், வாடி என்போம்.

அவனுடைய வாடியைச் சுற்றி மயில், கீரி, காது கிழிந்த ஒரு நரி... தினமும் பகலில் குறுணல் கஞ்சி காய்ச்சுவான், மீன் தலை போட்டு. அடுப்புப் புகை எழும்பினால் போதும். கலியாணப் பந்திக்கு வருகிற மாதிரி எல்லாம் வரம்பால் நடந்து வரும்.

ஒரு நாள் அவன் டவுனுக்குப் போய் நேரம் பிந்திவிட்டது. கீரி என் வாடிக்குள் வந்து சட்டியை உருட்டியது.

"உன்ட ஆளுகள் என்ட வாடிக்குள்ள வந்து சண்டித்தனம் பண்ணுதுகள்டா."

"நீ குடுத்தியா?"

"குடுக்காம?"

"பொறகு ஏன் கத்துறாய்?"

அப்படித்தான் அவன் கதை.

அந்த வருசம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவனுக்குக் கலியாணம். பெண் றகுமத்து. அவளை நினைத்து நினைத்தே மெலிந்து போயிருந்தான். அவளுடைய வாப்பா பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார். அவர் சொன்னால் ஊரில் மறு பேச்சில்லை. எத்தனையோ பேரைத் தூது விட்ட பிறகுதான் அவர் தலையாட்டினார்.

அதற்கு முந்தி நோன்பு மாதம் வந்தது. சிறுபோகக் காலம், கச்சான் காற்று, தொண்டை காயும் வெயில்... உச்சி நேரத்தில் அலியாரின் வாடியில் புகை!

ஓடிப் போனேன்.

"டேய், நோன்பு மாசம்டா. பகல்ல அடுப்பெரிஞ்சா ஊர் என்ன கதைக்கும்?"

"நோன்பு எனக்கு. நரிக்கு ஆர் சொன்ன?"

"விடியமுந்தி சஹருக்கே ஆக்கி வெச்சிட்டுப் பகல்ல போடன்."

"போட்டுப் பாத்தன் மச்சான். புகை எழும்பாட்டி ஒண்டும் வருகுதில்ல. கஞ்சி புளிச்சதுதான் மிச்சம். அதுகள் பட்டினி."

"கலியாணம் குழம்பிரும்டா!"

சுள்ளியை முறித்து அடுப்பில் வைத்தான்.

புல்லு வெட்ட வந்த ஒருவன் அந்தப் புகையைக் கண்டுவிட்டான். அன்றைக்கு இரவுத் தராவீஹ் தொழுகை முடிவதற்குள் ஊர் முழுக்க ஒரே கதை. அலியார் நோன்பு பிடிக்காமல் ஆக்கித் தின்கிறான்!

அடுத்த நாள் பகல் மரைக்கார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரும் குந்தியிருந்தார்.

பானை கொதிக்கிறது. பக்கத்தில் அலியார், கையில் அகப்பை. இனி என்ன சாட்சி வேண்டும்?

"ஆருக்குடா இது?"

"வாற ஆளுகளுக்கு மாமா."

"வட்டைக்குள்ள நோன்பு புடிக்காத கூட்டம் ஒண்டு இருக்கா?"

"ஓம் மாமா. ஒருத்தரும் புடிக்கிற இல்ல."

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்றார் மோதினார்.

"நாக்க நீட்டு" என்றார் மரைக்கார். சின்னப் பிள்ளைகளின் நோன்பைச் சோதிக்கிற மாதிரி. நீட்டினான். வெள்ளையாகக் காய்ந்துபோன நாக்கு.

மோதினார் விடவில்லை. "நாக்க நம்பேலாது. கஞ்சியில உப்பிருக்கா எண்டு பாருங்க. உப்பிருந்தா அது மனிசனுக்கு ஆக்கினது."

மரைக்கார் அகப்பையை வாங்கிக் கோரினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்... அப்படியே நின்றுவிட்டார். அவர் நோன்பு. மோதினாரைப் பார்த்தார், அவரும் நோன்பு. என்னைப் பார்த்தார்.

"நானும் நோன்புதான்" என்றேன்.

அந்த வட்டை முழுக்க உப்புப் பார்க்க ஒரு நாக்கு இல்லை!

"பொறுங்க மாமா. உப்புப் பாக்கிற ஆக்கள் இப்ப வருவாங்க" என்றான் அலியார்.

புது முகங்களைக் கண்டு வராமல் விட்டால்? வராவிட்டால் அவன் கலியாணம் அன்றோடு சரி.

அலியார் பானையை இறக்கி, கஞ்சியைச் சட்டிகளில் ஊற்றி ஆற வைத்தான். முதலில் மயில். ஒன்று வர, பின்னால் மற்றவையும். பிறகு கீரி, குட்டிகளோடு. நரி மட்டும் வரம்பில் நின்று எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தது... பார்த்துவிட்டு மரைக்காரின் சாரத்தை உரசிக்கொண்டு போய், அலியாரின் காலடியில் தின்னத் தொடங்கியது.

மோதினாரைக் காணவில்லை. காவல் பரணுக்கு மேலே நின்றார்.

எல்லாம் தின்று முடிய, வெறும் பானையை அலியார் கழுவிக் கவிழ்த்தான்.

"அப்ப உனக்கு?" என்று கேட்டார் மரைக்கார். குரல் மாறியிருந்தது.

"மஃரிபுக்கு நோன்பு தொறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணியும் இருக்கு மாமா."

அவர் பரணை நிமிர்ந்து பார்த்தார். "எறங்கும் மோதினார். நரிக்கு இப்படி ஆக்கிப் போடுறவன் என்ட புள்ளயப் பட்டினி போடமாட்டான்."

பிறகு அலியாரிடம், "ஏறு சைக்கிள்ல. இண்டைக்கு நோன்பு தொறக்கிற எங்கட ஊட்டுல."

அந்தக் காட்சியை என்ன என்று சொல்ல... மரைக்கார் மிதிக்கிறார், அலியார் பின்னால் குந்தியிருக்கிறான், மோதினார் வேர்க்க வேர்க்க நடந்து வருகிறார். கடைத்தெருவின் நடுவால் போனார்கள். கதை கட்டியவர்கள் எல்லாம் கடை வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

பெருநாள் கழிந்தது. கலியாணமும் நடந்தது, ஊர் கூடி.

றகுமத்து மச்சி, மக்களே... எனக்குக் கால் ஏலாது. ஆட்டோ பிடித்தாவது அஸருக்கு முதல் வந்துவிடுவேன்.

லைக் போட வேண்டாம். அவனுக்காக ஒரு துஆக் கேளுங்கள்.

போயிட்டு வா அலியார் மச்சான். ராசா மாதிரிப் போ.