மெமரி அண்ணனின் கறுப்புத் திரை

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மெமரி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே அதை மேஜையெல்லாம் தேடுகிற மனுஷனுக்கு இப்படி ஒரு பெயர். எதிரே யார் வந்தாலும் "காலையில நாப்பது சதவீதம், இப்ப அறுவது" என்று சர்வரின் மெமரிக் கணக்கைத்தான் முதலில் சொல்வார். சாப்பிட்டாயா என்ற விசாரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான்.

டெலிபோனில் இணைப்புக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு வார்டும் லேபும் மருந்துப் பிரிவும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள ஒரு சர்வர் வந்தது. அதை யார் கட்டிக்கொண்டு அழுவது என்று மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, இவர் தலையைக் கொடுத்தார். தானாகவே படித்துக்கொண்டார். படம், வண்ணம், ஏறி இறங்கும் கோடு எதுவும் அவருக்கு ஆகாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, பதிலாக எண் வந்தால்தான் நம்புவார். ஏசி அறைக்குள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்து, எழுத்து தேய்ந்துபோன கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இந்த மனுஷனிடம்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

லேபில் ரிசல்ட் வந்ததும் அது நேராக அந்தந்த வார்டுக்குச் செய்தியாகப் போகும்படி ஒரு ப்ரோக்ராம் எழுதத்தான் என்னை எடுத்திருந்தார்கள். வேலை தற்காலிகம். ப்ரோக்ராம் ஒழுங்காக ஓடினால் நிரந்தரம். என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம் அது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ப்ரோக்ராம் ஓட ஆரம்பித்த அதே வாரம் சர்வரின் மெமரி ஏற ஆரம்பித்தது. காலையில் சாதுவாக இருக்கும். மதியத்துக்குள் நிரம்பி மூச்சுத் திணறும். செய்திகள் அங்கங்கே முடங்கிக் கிடக்க, நர்ஸுகள் துண்டுச் சீட்டோடு மாடிப்படி ஏறி இறங்குவார்கள். இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

"உன் ப்ரோக்ராம் ஒழுகுதும்மா. எடுத்த மெமரியத் திருப்பிக் குடுக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

"எங்க ஒழுகுதுன்னு காட்டுங்கண்ணே."

"எழுதுனவ நீ. நீதான் தேடணும்."

தேடினேன். வரி வரியாகத் தேடினேன். நல்லாயிருந்த பாதியைக் கலைத்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். மறுநாள் அதே ஏற்றம், அதே பார்வை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கீபோர்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்றுகூட இருந்தது.

நடுவில் அண்ணன் பல் பிடுங்கிக்கொள்ள ஒருநாள் லீவு போட்டார். அன்றைக்குப் பார்த்து மெமரி இம்மிகூட ஏறவில்லை. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நான் இல்லேன்னதும் உன் ப்ரோக்ராமும் லீவு எடுத்துக்கிச்சு போல" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இவர் பிடித்த முயலுக்கு ரெண்டே கால்.

எங்கள் பிரிவுக்கு மேடம்தான் தலைமை. வாரக் கூட்டத்தில் அவரிடம் அண்ணன், "புது ப்ரோக்ராம்லதான் ஓட்டை" என்று சொல்லிவிட்டார். மேடம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை காலை, வேறு வழி தெரியாமல் நானும் கறுப்புத் திரையைத் திறந்தேன். எவ்வளவு மெமரி போகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்கு, உன்னோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்காகவும் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பட்டியல் வந்தது. வார்டுக்கு ஒன்றுமில்லை. லேபுக்கு ஒன்றுமில்லை. என் ப்ரோக்ராமுக்கும் ஒன்றுமில்லை. கடைசி வரியில் மட்டும் ஒரு எண் வீங்கிப்போய் நின்றது. அந்த வரியில் இருந்தது அண்ணனுடைய கம்ப்யூட்டரின் முகவரி.

அவர் அறைக்குப் போனேன். ஓரத் திரையில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. சர்வர் வழியாகப் போகிற ஒவ்வொரு செய்தியையும் தனக்கும் ஒரு பிரதி காட்டச் சொல்லும் கட்டளை அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குண்ணே?"

"உன் ப்ரோக்ராம் என்ன பண்ணுதுன்னு வேவு பாக்கத்தான். அது ஓட ஆரம்பிச்ச வாரத்துலேருந்து பாக்குறேன்."

"திரையில எழுத்து ஏன் நகராம நிக்குது?"

"வேகமா ஓடுனா கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. ஒரு கீயத் தட்டி நிறுத்தி வெச்சுட்டு நிதானமா படிப்பேன்."

நின்றது திரை மட்டும்தான். சர்வருக்கு அது தெரியாது. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார், இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை, வாங்குவார் என்று ஒவ்வொரு செய்தியையும் அவருக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அவர் கம்ப்யூட்டரை அணைத்ததும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடும். காலையில் திரும்ப ஆரம்பிக்கும். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, நானோ ஆட்டைத் தேடித் தெருத்தெருவாக அலைந்திருக்கிறேன்.

என் பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஜன்னலை மூடினார். மெமரி சரசரவென்று இறங்கியது. பிறகு, "வாம்மா" என்று எழுந்து மேடம் அறைக்கு நடந்தார்.

"தப்பு என்னோடது மேடம். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

மேடம் சிரித்தார். "உங்க மனசு யாருக்குண்ணே வரும்? ஆனா இந்த விஷயத்துல பாவம் பாக்காதீங்க."

"பாவம் பாக்கல மேடம். நான் தொறந்து வெச்ச ஜன்னல்தான்..."

"இப்ப சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப இவ எதையோ மாத்தியிருக்கா, சரியாயிருக்கு. மாத்தித்தான் சரியாச்சுன்னா தப்பு எங்க இருந்துச்சு? இத்தனை வருஷத்துல அந்த சர்வர் உங்க கையில ஒரு தடவ நின்னுருக்காண்ணே?"

எனக்கு மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. உண்மையைச் சொல்கிறவர் எதிரே நிற்கிறார், அவர் நல்லவர் என்பதாலேயே அது எடுபடவில்லை. அவர்மேல் இருந்த கோபமும் எனக்குப் போகவில்லை. இத்தனை நாள் என் பேரைக் கெடுத்தவர்தானே?

"அஞ்சு நிமிஷம் என் ரூமுக்கு வாங்க மேடம்" என்றார் அண்ணன்.

முதலில் வார்டுகளுக்கு ஒவ்வொன்றாக போன் போட்டார். "கொஞ்ச நேரம் அனுப்புற எல்லாத்தையும் சீட்டுலயும் எழுதி அனுப்புங்க."

"தினமும் அதைத்தானே பண்றோம்!" என்று ஒரு நர்ஸ் கத்தியது எனக்கே கேட்டது.

அடுத்து என் ப்ரோக்ராமை நிறுத்தினார். "மேடம், இவளோடது இப்ப ஓடல. பாத்துக்குங்க." பிறகு அந்த வேவு ஜன்னலைத் திறந்து, நிறுத்தி வைத்தார். இன்னொன்று திறந்தார். இன்னொன்று. திரை முழுக்க அசையாத ஜன்னல்கள். பக்கத்தில் மெமரி எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஐம்பது. எழுபது. தொண்ணூறு.

"சரிண்ணே, புரிஞ்சிடுச்சு. மூடுங்க" என்றார் மேடம்.

"தப்பு யாரோடது மேடம்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல மூடுங்க!"

"அண்ணே, வேண்டாம்ண்ணே" என்றேன் நான்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எண் நின்றது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அறுந்து, இணைப்பு இல்லை என்று காட்டின. அவர் பொறுப்பில் இருந்த சர்வர் முதல்முறையாக நின்றுபோனது. மேஜைமேல் போன் அடிக்க ஆரம்பித்தது.

அண்ணன் அதை எடுத்தார். "ஆமா, நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு இல்ல. நான்தான் நிறுத்தினேன்" என்றார். போனை வைத்துவிட்டு, சர்வரைத் திரும்ப ஓடவைக்கும் கட்டளையைத் தட்டத் தொடங்கினார்.