அறுநூற்றுப் பன்னிரண்டாவது டாங்கி

ஸ்த்ராவ்கா ரூசே நகர ரயில் நிலையத்தில் பல வருஷம் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி தாமதம் என்பதைக்கூடக் கல்யாணச் சேதி மாதிரி சொல்லுவாள். ஆட்சி மாறி, ஆள்குறைப்பில் வேலை போனதும், நேராகச் சந்தைக்கு வந்து வீடியோ கேம் கேசட் விற்கத் தொடங்கினாள். மேசையில் சின்ன டிவி, அதனோடு விளையாட்டுப் பெட்டி, பக்கத்தில் கேசட் குவியல். ஒவ்வொன்றின் மேலும் 'ஒரே கேசட்டில் 999 ஆட்டங்கள்' என்று கொட்டை எழுத்து.

உள்ளே உண்மையில் இருந்தது நாற்பது ஆட்டம். மீதியெல்லாம் அதே ஆட்டங்கள், வேறு வேறு பெயரில்.

"நெசமாவே இத்தன ஆட்டம் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இத்தன பேரு இருக்கு."

"பேரு இருந்தா ஆட்டம் ஆயிடுமா?"

"உங்க வீட்டுக்காரர நீங்க கோவத்துல ஒரு பேரு, சம்பளத்தன்னிக்கு ஒரு பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல? ஆளு ஒருத்தர்தானே!"

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். வெலிசார் என்ற நுகர்வோர் துறை அதிகாரி, இறுகக் கட்டிய டையோடு வந்து நின்றார்.

"இது மோசடி. எல்லாத்தையும் பறிமுதல் பண்றேன்."

"தாராளமா பண்ணுங்க சார். ஆனா ஆட்டம் கொறையுதுன்னு நிரூபிக்கணுமே? உக்காந்து ஆடிப் பாருங்க."

முக்காலியை இழுத்துப் போட்டாள். அவரும் முறைத்தபடி உட்கார்ந்தார். சுற்றிலும் கூட்டம் கூடியது. போஸா பானம் விற்கிறவனுக்கு அன்று நல்ல வியாபாரம்.

மதியத்துக்குள் டை தோளுக்குப் போய்விட்டது.

"சார், இதுவும் அதே டாங்கி ஆட்டந்தான? முந்நூறாவதுல ஆடுனீங்களே" என்று ஸ்த்ராவ்காவே எடுத்துக் கொடுத்தாள்.

"யாரு சொன்னது? அதுல டாங்கி ஆமை மாதிரி போகும். இது அறுநூத்திப் பன்னெண்டு. பறக்குது பாரும்மா! ரெண்டும் ஒண்ணா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெலிசாருக்குக் காது சிவந்தது. எழுந்து டையைச் சரிசெய்து, "நாப்பதுன்னு மாத்தி ஒட்டு" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

ஒட்டினாள். ஒரு கேசட் கூட விற்கவில்லை. எதிர்க் கடைக்காரன் 9999 என்று ஒட்டி வாரிக் குவித்தான். 

ஞாயிறன்று, தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு வெலிசார் வந்தார்.

"அந்தப் பழைய 999 ஒண்ணு குடும்மா."

"அது தடை பண்ணின சரக்காச்சே."

"எவன் தடை பண்ணினான்?"

"நீங்கதான் சார்."

"அவன் கெடக்கறான் விடு."

"இந்த நாப்பதும் அதே கேசட்தான்."

"நாப்பதுல அறுநூத்திப் பன்னெண்டு எங்கேர்ந்து வரும்?"

ஸ்த்ராவ்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி, நகத்தால் புதுச் சீட்டைக் கிழித்தாள். அடியில் பழைய 999 பளிச்சென்றிருந்தது. அவர் குழந்தையை ஏந்துவதுபோல் அதை வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவர் தலை மறைந்ததும் மீதிச் சீட்டுகளையும் உரித்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கோபமாக ஒரு பெண் வந்தாள்.

"வெலிசாருக்குக் கேசட் வித்தது நீதானா? நான் அவர் பொஞ்சாதி."

ஸ்த்ராவ்கா மெல்லப் பின்வாங்கினாள். "ஆமாங்க... ஏன்?"

"எனக்கும் ஒண்ணு குடு. பொட்டியோட சேத்துக் குடு. அந்த மனுஷன் என்னைய அதத் தொடவே விடமாட்டேங்கறாரு!"