மழை மூன்றாவது கட்டத்தில்

கூடைக்குள் கை விடுவதற்கு முன் ஒகினோ சுமியே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். பிறகு இரண்டு கைகளாலும் கேசட்டுகளை ஒவ்வொன்றாக முன்பக்கம் சாய்த்துக்கொண்டே போவார். பெயரைப் படிக்க மாட்டார். நிறம் போதும். சாம்பல், சாம்பல், சிவப்பு, மஞ்சள், மறுபடி சாம்பல். பாசிப்பச்சை வந்தால் விரல் தானாக நின்றுவிடும்.

ஒசாகாவின் நிப்பொன்பாஷியில் பழைய வீடியோ கேம் விற்கிற கடைகளின் வாசலில் நீல நிற பிளாஸ்டிக் கூடைகள் வைத்திருப்பார்கள். ஓடுமா ஓடாதா என்று கடைக்காரரே போட்டுப் பார்க்காதவை, படம் கிழிந்தவை, எந்தப் பிள்ளையோ தடித்த பேனாவால் தன் பெயரை எழுதி வைத்தவை எல்லாம் அதில் கிடக்கும். சுத்தக் காயலான் கூடை. வாங்கினால் நம் பாடு, திருப்பிக் கொடுக்க முடியாது. ஞாயிறு காலை ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே சுமியே குனிந்து உள்ளே கையை நீட்டிக் கூடையை வெளியே இழுத்துவிடுவார்.

"அக்கா, முழுசா ஏத்த விடுங்க. தலை போயிடப்போகுது" என்பார் கடை நடத்தும் தகெமுரா. ஒசாகாவில் அறுபது தாண்டியவரையும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு மாதிரி கூப்பிட்டுப் பிழைத்த வியாபாரி இல்லை.

"போனா கூடையில போட்டு வித்துடு தம்பி. ஓடுதா இல்லையான்னு நீதான் பாக்கவே மாட்டியே."

வார நாட்களில் சுமியே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். மடிப்புக் கலையாத கருநீலக் கால்சட்டை, கழுத்தில் ஒரு துண்டுத் துணி, சிரிக்காத முகம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முப்பது வருடமாக மற்றவர்களின் தவறுகளுக்குப் பிரேக் போட்டவர். அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. நடைபாதையில் யாராவது சைக்கிளில் விரைந்து வந்தால் அவருடைய வலது பாதம் தரையை அழுத்தும். ஆக்டோபஸ் துண்டு வைத்துச் சுடும் தகோயாக்கி உருண்டையை ஆறவிடாமல் வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாரமும் நாக்கைச் சுட்டுக்கொள்வார். அதற்கு மட்டும் பிரேக் இல்லை.

அவர் தேடும் பாசிப்பச்சைக் கேசட்டின் பெயர் 'விளக்கு நீர்நாய்'. ஒரு நீர்நாய் கையில் காகித விளக்கோடு வாய்க்கால் ஓரமாக ஊரைக் கடந்து போகும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒருமுறை அதே கூடையின் மறுமுனையில் நின்றிருந்த என் கையில் அது அகப்பட்டது. அவர் பார்ப்பதைப் பார்த்து நீட்டினேன்.

"இது என்னோடது" என்றார்.

எப்போதோ தொலைத்ததாக்கும் என்று நினைத்தேன்.

"தொலைக்கல. இதுல வர்ற பாட்டு நான் போட்டது."

வாங்கிய கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே மீதியைச் சொன்னார். இருபத்து மூன்று வயது. பிள்ளைகளுக்கு ஆர்கன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை, ஓர் உடோன் நூடுல்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்ன வீடியோ கேம் கம்பெனி கூப்பிட்டு இசை போட உட்காரவைத்தது. "மூணு குரல், ஒரு இரைச்சல். அந்த கேம் பொட்டிக்குள்ள இருந்தது அவ்வளவுதான். அதை வெச்சு ஒரு ஊரையே கட்டணும். எல்லாரும் இரைச்சலை வெடிச் சத்தத்துக்கு வெச்சுக்கிட்டாங்க. நான் மழைக்கு வெச்சேன்." சொல்லும்போது அவர் முகவாய் கொஞ்சம் உயர்ந்தது. "மூணாவது கட்டத்துல மழை வரும். நான் செஞ்சதுலயே நல்லது அதுதான். இப்ப கேட்டாலும் ஒரு சுரத்தை மாத்த மாட்டேன்."

அந்த மழையை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் ஒரு பாலம் வரும். நீர்நாய் கால் வைத்ததும் பலகை பலகையாக உடையும். எப்படிக் குதித்தாலும் பலகையோடு பாறையில் விழும். விழுந்தால் முதலிலிருந்து. பிள்ளைகள் நொந்துபோய்க் கேசட்டைப் பிடுங்கி எறிந்தார்கள். பத்திரிகைகள் கழுவி ஊற்றின. மாடிக் கம்பெனி மூடியது. வேறு கம்பெனிக்காரர்கள் ஆட்களை இழுத்துக்கொள்வார்கள் என்று அந்தக் காலத்தில் சொந்தப் பெயரைப் போட விடமாட்டார்கள். எல்லாருக்கும் புனைபெயர்தான். ஆட்டம் முழுதும் முடித்தால் கடைசித் திரையில் 'இசை: இஞ்சி' என்று வருமாம். அந்த இஞ்சியைக் கண்டவர் யாரும் இல்லை.

இதையெல்லாம் கடைகளில் அவர் மூச்சு விட்டதில்லை. "நான்தான்னு சொல்லி ஒருத்தரை உக்காரவெச்சுக் கேக்கவெச்சா அது பாட்டுக்குக் கேவலம். தானா யாராவது கேக்கணும்." நானும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. நான் யாரிடம் பேசிவிடப்போகிறேன்.

ஆனால் காயலான் கூடையில் அது கிடப்பதை அவரால் பொறுக்க முடியாது. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார். வீட்டில் பஞ்சுக் குச்சியால் பித்தளைப் பற்களைத் துடைத்து, போட்டுப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்ததும் காலணி அலமாரியில் வரிசையாக அடுக்கினார். காலணிகள் வாசலில் வெளியே கிடந்தன. நிப்பொன்பாஷி முடிந்து, கோபேவுக்கும் ரயில் ஏறினார்.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு. கூடையில் பாசிப்பச்சை இல்லை. உள்ளே நிமிர்ந்து பார்த்தவர் நின்றுவிட்டார். கல்லாவுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரியில், சின்ன மெத்தையின் மேல், 'விளக்கு நீர்நாய்'. பக்கத்தில் தகெமுராவின் கையெழுத்தில் ஓர் அட்டை: 'எங்கும் கிடைக்காதது'. விலையைப் பார்த்தால் ஒரு வாரச் சமையலுக்கு ஆகும்.

சுமியே கண்ணாடியில் தெரிந்த தன் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். சபையில் மகளுக்குப் பொன்னாடை போர்த்தியதைப் பார்க்கும் முகம்.

"என்ன தம்பி, திடீர்னு சிம்மாசனம்?"

"அதை ஏன் கேக்குறீங்கக்கா. ஊர்ல ஒரு கேசட் இல்ல. கோபே கடைக்காரனும் அதையேதான் சொல்றான். யாரோ பெரிய புள்ளி ஒருத்தர் கண்ல பட்டதையெல்லாம் வளைச்சு உள்ள போட்டுட்டாராம். நல்ல சரக்குன்னு தெரிஞ்சவங்கதானே அப்படிச் செய்வாங்க?"

"பெரிய புள்ளியா" என்றார் சுமியே.

"சந்தேகமே இல்ல. டோக்கியோ ஆளா இருக்கும்."

சுமியேயின் முகவாய் மெல்ல இறங்கியது. கண்ணாடியில் தொங்கிய பூட்டை ஒரு விரலால் தொட்டார். அன்று தகோயாக்கிக் கடையில் உருண்டைகளை ஆறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "கூடையில கெடந்தாலாவது எவனாவது காசு குறைவுன்னு எடுத்துட்டுப் போயிருப்பான்" என்றார், என்னைப் பார்க்காமல். "நான்தான் எல்லாத்தையும் செருப்பு வெக்கிற எடத்துல பூட்டி வெச்சிருக்கேன்."

அடுத்த வாரங்களில் அவர் கூடையைக் கிளறுவது குறைந்தது. வருவார், கண்ணாடியைப் பார்ப்பார், போவார். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை.

பிறகு ஒரு நாள், கால்சட்டையெங்கும் வெள்ளைப் பொடி படிந்த ஒருவர் வந்தார். சுவர்ப்பூச்சு வேலைக்காரர். கண்ணாடிக்குள் விரல் நீட்டினார்.

"அந்த நீர்நாய்தான். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது பாலத்துலயே செத்துச் செத்து, கடைசில அண்ணன் எடுத்து ஜன்னல் வழியா வீசிட்டான். அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பாத்துடணும்."

கேசட் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுமியே திரும்பவில்லை. கையில் எடுத்த எதையோ திருப்பி வைக்க மறந்து அப்படியே பிடித்திருந்தார்.

விலை கூடிய சரக்கை வாங்குபவரின் கண்ணெதிரே ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார்கள். தகெமுரா கேசட்டைக் கல்லா மேலிருந்த பழைய ஃபாமிகான் விளையாட்டுக் கருவியில் செருகினார். தலைப்புத் திரை வந்தது. அது தெரிந்தால் போதும், அணைத்துப் பையில் போட்டுவிடுவார்கள்.

"ஓடுது. சரியா?"

"கொஞ்சம் ஆடிப் பாக்கவிடு தம்பி அவரை" என்றார் சுமியே. எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "காசு குடுத்து வாங்குறவரு."

பூச்சு வேலைக்காரர் கன்ட்ரோலரை எடுத்தார். முதல் கட்டம் அவர் விரல்களுக்கு நினைவிருந்தது. பாலம் வந்தது. ஓடினார், குதித்தார், விழுந்தார். மறுபடி. விழுந்தார்.

"பாத்தீங்களாக்கா. இது ஆளைக் கொல்ற பாலம்."

"வேகத்தைக் குறைங்க." பயிற்சிக் காருக்குள் பேசும் அதே குரல். "மொதல்ல நிறுத்துங்க. நின்னாச்சா? நீங்க யாரு?"

"நானா? பூச்சு வேலை."

"திரையில யாரு?"

"நீர்நாய்."

"நீர்நாய்க்கு எதுக்குப் பாலம்? கரையிலேர்ந்தே எறங்குங்க தண்ணில. கீழ் பொத்தான்."

"விளக்கு அணைஞ்சுடுமே."

"அணையட்டும்."

அவர் தயங்கினார். பிள்ளைகள் எல்லாரும் தயங்கிய இடம் அதுதான் போல. விளக்கைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் யாரும் கரை ஏறவில்லை. கட்டைவிரல் அழுந்தியது. நீர்நாய் சரிந்து நீருக்குள் போனது, விளக்கு அணைந்தது, திரை கறுத்தது.

"போச்சு. கேசட் நின்னுடுச்சு" என்றார் தகெமுரா.

"நேரா போங்க. திருப்பாதீங்க." சுமியேயின் வலது பாதம் தரையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்றது.

இருட்டில் சின்னதாக ஒரு சரசரப்பு தொடங்கியது. எண்ணெய்ச் சட்டி என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அதன் மேல் ஒரு குரல், கீழே இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் நனையாமல் நடந்துபோகிற மூன்றாவது. திரை மெல்ல நீலமானது. ஓட்டு வீடுகள், வாய்க்கால், மழை. பூச்சு வேலைக்காரர் நீர்நாயை நகர்த்தவில்லை. அது கரையில் நனைந்துகொண்டு நின்றது. கடைக்குள் கேசட் சாய்க்கும் டக்டக் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"இது மழைதானே?" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "யாரு போட்டது இதை?"

"அந்தக் காலத்துல யாரு பேரு போட்டாங்க" என்றார் தகெமுரா. "சரிண்ணே, அக்கரையைப் பாத்தாச்சில்ல. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க, கட்டிக் குடுத்துடுறேன்." அவர் கை கருவியின் பக்கம் போனது.

சுமியே அவரைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடி கையை நீட்டி, அணைக்கும் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.