கயிறு பிடித்தவர்தான் பகடை உருட்ட வேண்டும்

என் அண்ணியைக் கொன்றால் ஐம்பது புள்ளி கிடைக்கும் என்று வேலூரிலிருந்து ஒருவர் டைப் செய்து அனுப்பியிருந்தார். அண்ணி என்று போடவில்லை, ‘மலைவாசி’ என்று பொதுவாகத்தான் போட்டிருந்தார். ஆனால் அந்த மலைவாசிகளை எழுதியவள் நான். யாரைப் பார்த்து எழுதினேன் என்று எனக்குத்தானே தெரியும்.

நான் ஒடுகத்தூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு மேலே, ஜவ்வாது மலையில், காவலூருக்கு அந்தப் பக்கம். ஃபார்மசி படித்த காலத்தில் ஹாஸ்டலில் ஒரு விளையாட்டு பழக்கமாயிற்று. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கோட்டைக்குள் புகுகிறேன், பேயோடு பேரம் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை முடிவு செய்யும். படிப்பு முடிந்து எல்லோரும் திசைக்கொருவராகப் போனார்கள். பகடை என் பையில் தங்கிவிட்டது.

வீட்டில் ஆள் இல்லாமல் போகுமா? அண்ணன், அண்ணி, அண்ணியின் தம்பி. மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் உட்காரவைத்து ஹாஸ்டல் விதிகளைச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் திருடன் வேடம் எடுத்தான். கோட்டைச் சுவரில் ஏறுகிறேன் என்றான். உருட்டு என்று பகடையைக் கொடுத்தேன். வாங்கினவன் அதை அப்படியே மச்சான் கையில் வைத்துவிட்டான்.

“நான் மேல கீறேன். நீ உருட்டு.”

அவனவன் பகடையை அவனவன்தான் உருட்ட வேண்டும் என்று நான் விளக்கினேன். மூன்று பேரும் என்னைப் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பாறைத்தேன் எடுக்க இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. கயிறு நழுவினால் தாலி அறுவது மச்சானின் அக்காளுக்கு. அதனால் கை ரத்தம் கண்டாலும் அவன் விடமாட்டான். உயரத்தில் தொங்குகிறவனின் உயிர் அவன் கையில் இல்லை, பிடித்தவன் கையில் இருக்கிறது. அண்ணனுக்கு இது விளையாட்டு விதி இல்லை, உலகம் நடக்கிற விதம். நான் ஐந்து நிமிஷம் வாதாடிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மச்சான் உருட்டினான்.

அன்றைக்கு அவர்கள் செய்த அந்தத் தப்பிலிருந்துதான் எங்கள் உலகமே முளைத்தது. அதில் மலையுச்சியில் ஒற்றைக்கண் அரக்கன் ஒருவன் மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கீழே யாராவது பெரிய விளக்கு ஏற்றினால் கண்ணைத் திருப்புவான். திரும்பின பக்கம் பயிர் கருகும். காவலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த அரக்கன் எங்கிருந்து வந்தான் என்று சொல்லவே வேண்டாம். நட்சத்திரம் பார்க்கிற பெரிய தொலைநோக்கி அங்கே இருப்பதால், ராத்திரி வெளிச்சம் கூடாது என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் கண்ணில் பாறைத்தேன் விட்டால் தூங்கிவிடுவான். தேன் எடுக்கப் பாறையில் தொங்க வேண்டும். தொங்குகிறவர் தனக்குக் கயிறு பிடிக்க ஆள் சொல்ல வேண்டும். தான் விழுந்தால் யாருக்கு நஷ்டமோ அவரைத்தான் சொல்லலாம். அவர்தான் உருட்டுவார். பகடை கைவிட்டால், பிடித்தவர் தன் உயிர்ப் புள்ளியில் பாதியைக் கொடுத்துக் கயிற்றை நிறுத்தலாம். இந்தக் கடைசி விதி அண்ணி சொன்னது.

இணையத்தில் இதைப் பற்றி நான் எழுதினதைப் பார்த்துத்தான் வேலூர்க்காரர் கூப்பிட்டார். பெரிய கம்பெனியில் வேலை, விடுமுறையில் இந்த விளையாட்டுக்கென்று கூட்டம் நடத்துகிறவர். உங்கள் உலகம் பிரமாதம், எங்கள் கூட்டத்தில் ஒரு மேஜை தருகிறேன், ஆனால் வருகிற பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே விதிப்புத்தகம்தான், உலகத்தை அதற்கு மாற்றிக் கொடுங்கள் என்றார். எல்லோரும் ஆடுகிற, தலையணை கனத்துக்கு இருக்கிற வெளிநாட்டுப் புத்தகம் அது.

மாற்றுவதில் எனக்கு வீம்பு எதுவும் இல்லை. மருந்துக் கடையில் நாள் முழுக்க அதுதான் வேலை, இந்தக் கம்பெனி மாத்திரை இல்லையென்றால் அதே மருந்தை அந்தக் கம்பெனியில் எடுத்துக் கொடுப்பது. பூசாரியை அவர்கள் புத்தகத்து மந்திரவாதியாக்கினேன். கொடுவாளுக்கு அவர்கள் கோடாலியின் எண்ணைப் போட்டேன். அரக்கனுக்கு உயிர்ப் புள்ளி, கவசம், நிலை எல்லாம் கணக்குப் போட்டேன். சாமைக் கஞ்சிக்குக்கூட, குடித்தால் எவ்வளவு காயம் ஆறும் என்று கண்டுபிடித்து எழுதினேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதி அனுப்பினேன். அவர் ‘சரிசெய்து’ திருப்பி அனுப்பினார்.

மலைவாசி: வலிமை கூட்டல் இரண்டு, அறிவு கழித்தல் இரண்டு. விஷம் ஏறாது. மனிதர்கள் அத்தியாயத்தில் நான் வைத்திருந்ததை எடுத்து மிருகங்கள் அத்தியாயத்தில் வைத்திருந்தார், ஓநாய்க்கும் கரடிக்கும் நடுவில். கொன்றால் ஐம்பது புள்ளி. கயிறு விதியைச் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தார்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். மச்சான், கரடிக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று கேட்டான். கரடிக்கு இருநூறு.

“அம்பதுதானா?” என்றாள் அண்ணி. “நான் இன்னா அவ்ளோ சல்லிசா?”

சிரித்தோம். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில், கல்லூரியில், கடைக் கவுண்ட்டரில், மலையிலிருந்து வருகிறவள் என்றதும் எதிராளியின் குரல் ஒரு படி இறங்கி மெதுவாகப் பேசுமே, அந்தக் கழித்தல் இரண்டை நான் ஆயுசு முழுக்கச் சுமந்திருக்கிறேன். நானே கட்டின உலகத்துக்குள்ளும் அது வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். முடியாது.

உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். ‘கீழ்நாட்டார்: பேச்சு கூட்டல் இரண்டு, மலை ஏறுவதில் கழித்தல் நான்கு. மூச்சு வாங்கும். அட்டை கடித்தால் அலறுவார்கள். கொன்றால் புள்ளி கிடையாது, பாவம்.’ இதையும் சேருங்கள் என்று அனுப்பினேன். அவர் உடனே போன் செய்தார்.

“இன்னாங்க, தமாஷா?”

“உங்களுது தமாஷ்னா இதுவும் தமாஷ்தான் சார்.”

அவர் பொறுமையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். எல்லா இனத்துக்கும் ஏற்றம் இறக்கம் இருந்தால்தான் கணக்கு சமமாகும், நீங்கள் மனசில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஏற்றம் இறக்கம் வைக்கலாம், ஆனால் மனிதர்களுக்கான அத்தியாயத்தில் வைத்து, எல்லோருக்கும் ஒரே தராசில் வையுங்கள் என்றேன். கயிறு விதி நடக்கவே நடக்காது என்றார். பகடை உருட்டத்தானே பிள்ளைகள் வருகிறார்கள், தன் பகடையைப் பக்கத்தில் இருக்கிறவனிடம் யார் கொடுப்பார்கள்? இந்த இரண்டையும் விட்டுவிட்டால் மேஜை உண்டு, இல்லையென்றால் இல்லை.

“இல்லன்னே வச்சிக்கோங்க,” என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டேனே தவிர, அந்த ராத்திரி அழுகை வந்தது. அந்த உலகத்தில் எங்கள் நாலு பேரைத் தவிர வேறு யாருமே நடந்ததில்லை. ஒரே ஒரு தரம் தெரியாத யாராவது அதற்குள் வந்து தேன் எடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

கூட்டத்துக்குப் போனோம். மேஜைதான் தரமாட்டார், வராதே என்று சொல்லவில்லையே. சின்னக் கல்யாண மண்டபம். மேலே ஹாலில் அவருடைய மேஜைகள். நாங்கள் கீழே சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், இலை போடுகிற மேஜை ஒன்றை இழுத்துப் போட்டு வரைபடத்தை விரித்தோம். அண்ணி ஒரு தூக்கு நிறைய புளிசாதம் கொண்டுவந்திருந்தாள். முற்பகல் வரை யாரும் வரவில்லை. கை கழுவ வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேலே இடம் கிடைக்காத கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் கடைசியில் வந்தார்கள். ஒருத்தி சரியான வாயாடி. மனிதர்கள் அத்தியாயத்தைப் புரட்டி மலைக்காரி வேடத்தையே எடுத்துக்கொண்டாள். அண்ணனும் மச்சானும் சேர்ந்துகொள்ள, ஆட்டம் சூடுபிடித்தது. உச்சிப் பாறையில் தொங்க வேண்டிய முறை அந்த வாயாடிக்கு வந்தது. கயிறு பிடிக்க யார் என்று கேட்டேன். தோழியைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு பகடையை என் முன்னால் வைத்தாள்.

“நான் விழுந்துட்டா இத்தோட எழுந்து போய்டுவேன். யாருக்கு நஷ்டம்? உங்களுக்குத்தான். நீங்க உருட்டுங்க.”

கதை சொல்கிறவள் கயிறு பிடிப்பதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் விதியிலும் இல்லை. ஆனால் அவள் சொன்னது சத்தியம். உருட்டினேன். நான்கு. பன்னிரண்டு வேண்டும். பாதி உயிரைக் கொடுத்து நிறுத்தலாம், ஆனால் கதை சொல்கிறவளுக்கு உயிர்ப் புள்ளி ஏது? என்னிடம் இருந்தது அரக்கன்தான். அவன் உயிரில் பாதியைக் கொடுத்துக் கயிற்றை நிறுத்தினேன். கள்ளாட்டம் என்று அண்ணன் கத்தினான். அந்தப் பெண் தேனோடு மேலே வந்தாள். அரக்கன் தூங்கினான்.

சாப்பிட்ட பிறகு அவர்கள் மேலே போனார்கள், பிற்பகல் ஆட்டத்தில் வேலூர்க்காரரின் மேஜையிலேயே இடம் கிடைத்திருந்தது. நான் டீயை எடுத்துக்கொண்டு ஹால் வாசலில் போய் நின்றேன். ஒளிந்தெல்லாம் நிற்கவில்லை. நன்றாகத் தெரிகிற மாதிரியே நின்றேன். வாயாடி எடுத்திருந்த வேடக்காரன் ஏதோ ஒரு கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். உருட்டுங்கள் என்றார் அவர். அவள் பகடையை எடுத்து, பழக்க தோஷத்தில், பக்கத்தில் இருந்த தோழியின் கையில் வைத்தாள்.

“நான் மேல கீறேன். நீ உருட்டு.”

அப்படி விதி கிடையாது என்றார் அவர். எதிரே உட்கார்ந்திருந்த பையன், ஏன் சார், நல்லாத்தானே இருக்கு என்றான். அவர் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். தோழி உருட்டினாள்.