அஸ்திவாரத்துக்கு ஆகாத மண்

குப்பைக் குழியிலிருந்து உருவிய இரும்புக் கம்பியை என் கையில் கொடுத்து, "தொட்டுப் பாருங்க டீச்சர், உள்ள வெந்துகினு இருக்குது" என்றார் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா. மார்கழிக் காலை. கம்பி, கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. பள்ளி வேலைக்காக நான் நெய்வேலிக்குக் குடிவந்த புதிது அது. காய்கறித் தோலும் டீத்தூளும் காய்ந்த இலையும் சேர்ந்து கிடந்தால் தாமாகவே சூடேறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் ஊர் சுரங்கத்துக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த வேலையில் அவர் கணவர் மேல்மண் வாரும் இயந்திரத்தை ஓட்டினார். "நான் ஒரு ஷிப்டுல வாரிப் போடுற மண்ண, இவ ஆயுசுக்கும் உண்டாக்க முடியாதுங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் கூடச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே குழியைக் கிளறுவார். பலாப்பழக் காலத்தில் பிளாக் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சக்கை கேட்டு வாங்கி வருவார். ஈ மொய்க்கிறது என்று சிலர் முகம் சுளித்தால், மறுநாளே அதன் மேல் இன்னொரு அடுக்கு மண்ணும் சாணக் கரைசலும் போட்டு மூடிவிடுவார்.

அந்த எரு குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்கானது அல்ல. முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் அவர்கள் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். ஓய்வுபெற்ற பின் அங்கே வீடு கட்டுவதாக எண்ணம். மனை வெறும் சரளை. மண்வெட்டி பட்டால் தெறிக்கும். எரு மக்கியதும் அக்கா சலித்துச் சாக்கில் கட்டுவார். கணவர் மொபெட்டில் வைத்துக் கொண்டுபோவார். வருடக்கணக்காக இப்படியே நடந்தது. ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார்கள். மனையின் பின்பாதியில் கால் வைத்தால் மெத்தென்று உள்ளே போனது. இந்த மூலையில் முருங்கை, அந்தப் பக்கம் அவரைப் பந்தல் என்று அக்கா கைநீட்டிக் காட்டினார். பிள்ளைகள் இல்லாத அவர்கள் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் அந்த மண்ணைப் பற்றிப் பேசினார்கள்.

பிறகு கணவருக்குச் சிறுநீரகம் கெட்டது. மனையை விற்று வைத்தியம் பார்த்தார்கள். ஓய்வுபெறும் முன்பே அவர் போய்ச்சேர்ந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன், "ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாங்களா டீச்சர்" என்று அக்கா கேட்டார். போனோம். மனையில் பொக்லைன் நின்றது. கரிய மண்ணை அள்ளி அள்ளி டிப்பரில் கொட்டிக்கொண்டிருந்தது. எங்களை அக்கம்பக்கத்தார் என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி தானாகவே சொன்னார்: "பொதபொதன்னு இருக்குதும்மா. இதுல அஸ்திவாரம் நிக்காது. கெட்டித்தரை வர்ற வரைக்கும் எடுத்தாவணும். யாரோ குப்பையக் கொட்டி மனையக் கெடுத்து வச்சிருக்காங்க."

நான் வாயெடுக்குமுன் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஆமாங்க" என்றார் மேஸ்திரியிடம். டிப்பர் கிளம்பிப் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இப்போது அவர் திருவதிகையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். அவர் விட்டுப்போன குழியில் கடைசியாகப் போட்டது இந்த வருடம் நன்றாக மக்கியிருந்தது. அதைச் சலித்து, ஒரு சிறு மூட்டை கட்டி, போன மாதம் எடுத்துப் போனேன். தொட்டியில் ஒரு செடியாவது வைப்பார் என்று நினைத்தேன். அக்கா மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். "நல்லா வந்திருக்குதுங்க" என்றார். பிறகு அதை அப்படியே திரும்பப் போட்டு, விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் உதறிவிட்டு, மூட்டையின் வாயை இறுகக் கட்டினார்.

"எடுத்துக்கினு போயிடுங்க டீச்சர். இங்க இருந்தா நான் இதையே பாத்துகினு குந்தியிருப்பேன்."

நெய்வேலி பஸ்ஸில் மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டேன். எனக்கும் சொந்தமாக மண் கிடையாது. நானும் ஒருநாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியவள்தான்.