பெட்டிக்கு ஒரு நம்பர், டிஸ்க்குக்கு ஒரு நம்பர்

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, டிவிடிக்காரர் வீடு எது என்று கேட்டால், ஆட்டோக்காரர் நேராகக் கிருபாகரன் வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் விடுவார். எதிர்வீட்டு அய்யாசாமிக்கு இது பன்னிரண்டு வருஷத்து வயிற்றெரிச்சல். அவரிடமும் நானூறு டிவிடி இருக்கிறது. சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தாலும் நானூறு நானூறுதானே? இந்த மனுஷனை மட்டும் ஊர் ஏன் கொண்டாட வேண்டும்?

கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் ஸ்பேனருக்கும் போல்ட்டுக்கும் நம்பர் போட்ட கை கிருபாகரனுடையது. ரிட்டையர் ஆகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஹாலில் மூன்று சுவருக்கும் இரும்பு ரேக். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெட்டிகள், ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. காலையில் பனியனோடு உட்கார்ந்து, பெட்டியின் பின்பக்கத்துக் கறுப்புக் கோடுகளை மொபைலுக்குக் காட்டுவார். ‘டிங்’ என்றால் படத்தின் பெயர், கம்பெனி எல்லாம் திரையில் வந்துவிடும். வராவிட்டால் வேட்டி முனையால் துடைத்து, சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் பேசுகிற மாதிரி, “காட்டு கண்ணு, காட்டு” என்பார். டிஸ்க்கை நடு ஓட்டையில் விரல் விட்டுத்தான் தூக்குவார்.

“என்னயும் ரேக்குல ஏத்தி நம்பர் ஒட்டாத கொறதான்” என்பார் அவர் மனைவி புஷ்பா.

“எதுக்கு அண்ணாத்தே இந்தப் பாடு? படம் பாத்தமா, போனமான்னு இல்லாம?” என்று அய்யாசாமி ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

“இன்னா கீது, இன்னா இல்லன்னே தெரியலன்னா அது ஊடா நைனா? குடோனு!”

தன்னைத்தான் குத்துகிறார் என்று அய்யாசாமிக்குப் பட்டது.

அவர் திருமழிசையில் லேத் ஓட்டுகிறவர். ஆறாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் கை வேகம். மூன்று வருஷத்துக்கு முன், கிருபாகரன் டீ சொல்ல உள்ளே போன நேரத்தில், ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படத்தின் டிஸ்க்கை உருவிக்கொண்டு, தன்னிடமிருந்த, வேறு கம்பெனி போட்ட அதே படத்தை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். தன்னுடையது கிளைமாக்ஸில் திக்கி நிற்கும். கிருபாகரனுடையது எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டி அதே, படம் அதே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே கிருபாகரன் ஆள் அனுப்பாமல் தானே வந்து கூப்பிட்டார். “ரேக்கு பூரா வெரிஃபிகேஷன். ஸ்டோர்ஸ்ல இதுக்கு ரெண்டு பேரு வோணும். ஒருத்தன் படிப்பான், ஒருத்தன் டிக் அடிப்பான். நீ வா நைனா.”

நோட்டும் பேனாவும் அய்யாசாமி கையில். முதல் பெட்டி ‘டிங்’ என்றது. கிருபாகரன் அதோடு விடவில்லை. பெட்டியைத் திறந்து டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டார்.

“அதான் பெட்டியப் பாத்தாச்சே?”

“பெட்டிய நம்பிக்கினு இருந்தா ஸ்டோர்ஸ்ல என்னிக்கோ மெமோ குட்த்துருப்பான். டிஸ்க்குக்கு உள்ள தனியா ஒரு நம்பர் கீது. லாக்டவுன்ல ஒண்ணொண்ணா போட்டு நோட்ல ஏத்தி வச்சிகீறேன். அதே படந்தான், ஆனா வேற கம்பெனி போட்டதுன்னா நம்பர் மாறிப்பூடும்.”

அய்யாசாமி ரேக்கை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பேய்ப் படம் மூன்றாவது ரேக்கில் இருக்கிறது. தலைவலி என்று கிளம்பிவிடலாம். ஆனால் பேனா வேறு யார் கைக்காவது போகும். பேனா தன்னிடம் இருப்பதுதான் நல்லது.

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பெட்டி வந்தது. கிருபாகரன் திரையைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். நோட்டில் இருந்தது வேறு எண். முதல் எழுத்திலேயே வேறு.

“சரியா?”

“சரி” என்று சொல்லி டிக் அடித்தார் அய்யாசாமி. டிக்கின் வால் கட்டத்தைத் தாண்டிப் போனது.

கிருபாகரன் கை நீட்டி நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். எண்ணின் அடியில் விரலை ஒருமுறை ஓட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி ஓட்டினார். டிக்கைக் கோடு போட்டு அழிக்கவில்லை. நோட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். குரல்கூட மாறவில்லை. அந்த நிதானத்தின்மேலும் அய்யாசாமிக்குப் பொறாமை வந்தது; தானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பார்.

கடைசி ரேக்கும் முடியும்போது ராத்திரியாகிவிட்டது. அய்யாசாமி செருப்பை மாட்டும்போது கிருபாகரன் பின்னாலேயே வாசல்வரை வந்தார். கட்டைப்பை ஒன்றை உதறி, அதன் வாயை அகல விரித்து நீட்டினார்.

“உன் ஊட்ல கீறதையும் எட்துகினு வா நைனா. வெறும் பெட்டி வாணாம், உள்ள கீற டிஸ்க்கோட. குந்திக்கினு உனுக்கும் நம்பர் ஏத்திடலாம்.”